நிஜ மிதவையா, விர்ச்சுவல் மிதவையா?

ஹூக்ளி ஆத்துல மணல்திட்டு ஒரு இடத்துல நிக்காது, 1694லயே ராயல் ஜேம்ஸ் அண்ட் மேரினு ஒரு கப்பல் அங்க முங்கி, அந்தத் திட்டுக்கே அதோட பேரு வந்துடுச்சு. சேனல் (கப்பல் போற ஆழமான வழி) நகர நகர, அந்த வழியக் காட்ட தண்ணில மிதக்கவிட்ட நிஜ மிதவையையும் நகர்த்தணும், அதுக்குத் தனி கப்பல், செயின்னு செலவு, புயல்ல அறுத்துட்டும் போயிரும்.

ஏஐஎஸ் (கப்பல்கள் தங்களோட இடத்த ரேடியோல சொல்லிக்கிற சிஸ்டம்) வழியா காட்டுற விர்ச்சுவல் மிதவைன்னா கரைல இருந்தே இடத்த மாத்திடலாம், கப்பல் ஸ்கிரீன்ல தெரியும், ஆனா தண்ணில ஒண்ணும் இருக்காது. ஏஐஎஸ் இல்லாத சின்ன போட்டுக்காரருக்கு அது இருந்தும் இல்லாத மாதிரிதான், ஜிபிஎஸ்ஸ யாராச்சும் குழப்புனா பெரிய கப்பலுக்கும் சிக்கல். நிஜத்த கண்ணாலயே பாக்கலாம், நம்மூர்ல துறைமுகத்துக்குள்ள வரும்போது இடது சிவப்பு, வலது பச்சை (அமெரிக்கால தலைகீழ்!).

என்னைக் கேட்டா, புதுசா ஏதாச்சும் முங்கிக் கிடந்தா அவசரத்துக்கு விர்ச்சுவல், அப்புறம் நிஜத்த கொண்டுபோய் போடட்டும்.