பைக்பேக்கிங்குக்குப் பின் ஹப்: எக்ஸ்டியா, 350யா, ப்ரோ 5ஆ?

பின் ஹப் (சைக்கிள் பின் சக்கரத்தின் நடு உருளை) வாங்கும்போது பலரும் எடை எவ்வளவு, மிதித்தால் எத்தனை டிகிரி சுழற்சியில் கவ்வுகிறது என்றுதான் விசாரிக்கிறார்கள். பைக்பேக்கிங்குக்கு, அதாவது சைக்கிளில் மூட்டை கட்டிப் போகும் தூரப் பயணத்துக்கு, நான் முதலில் பார்ப்பது, ஃப்ரீஹப் (மிதிக்கும்போது சக்கரத்தைக் கவ்வி, நிறுத்தினால் விட்டுவிடும் பகுதி) மக்கர் செய்தால் வழியிலேயே திறக்க முடியுமா என்பதை. பேரிங் தேய்ந்தால் கரகரவென்று சத்தம் போட்டுக்கொண்டாவது அடுத்த ஊர் வரை வண்டி ஓடிவிடும். ஃப்ரீஹப் கவ்வாமல் போனால் பெடல் சும்மா சுற்றும், சக்கரம் நகராது. அங்கேயே பயணம் நின்றது. ஷிமானோ எக்ஸ்டி, டிடி ஸ்விஸ் 350, ஹோப் ப்ரோ 5 மூன்றையும் இந்தக் கண்ணோடுதான் எடைபோடுகிறேன்.

எக்ஸ்டியில் எம்756 போன்ற குயிக் ரிலீஸ் (நெம்புகோலைத் திருப்பிச் சக்கரத்தைக் கழற்றும் வகை) மாடல்களை எடுத்துக்கொள்வோம். உள்ளே இருப்பது பழைய கோன் (கூம்பு), கப் (கிண்ணம்), இடையே குண்டு என்ற பேரிங் அமைப்பு. பின் ஹப்பில் பக்கத்துக்கு 9 வீதம் கால் அங்குலக் குண்டுகள். மெல்லிய கோன் ஸ்பேனரும் கொஞ்சம் கிரீஸும் இருந்தால் மரத்தடியில் உட்கார்ந்தே பிரித்துத் துடைத்து மாட்டிவிடலாம். ஒரே துண்டாக வரும் கார்ட்ரிட்ஜ் பேரிங்கைப்போல அழுத்தி ஏற்றும் கருவி எதுவும் வேண்டாம். ஆனால் கவனிக்காமல் ஓட்டுகிறவர்களை இந்த ஹப் மன்னிக்காது. கிரீஸ் வற்றினால் முதலில் கோனில் குழி விழும், கோனை மாற்றிக்கொள்ளலாம். இடப் பக்கக் கப் ஹப்போடு ஒட்டியது. அதில் குழி விழுந்தால் ஹப்பின் ஆயுள் அவ்வளவுதான்.

ஃப்ரீஹப் எஃகு, முரட்டு உழைப்பு உழைக்கும். ஆனால் அதைப் பிரித்துப் பழுது பார்ப்பார்கள் என்று எண்ணி யாரும் அதைச் செய்யவில்லை. கெட்டால் பின் பல்சக்கரத் தொகுதியான கேசட்டைக் கழற்றி, நடு அச்சான ஆக்சிலை உருவி, 10 மி.மீ. ஹெக்ஸ் கீயால் மொத்தமாக மாற்ற வேண்டும். என் அளவுகோலில் எக்ஸ்டி சறுக்குவது இந்த இடத்தில்தான். விலை குறைவு, உதிரி பரவலாகக் கிடைக்கும் என்பவை அதைப் பெரிதும் ஈடுகட்டுகின்றன.

பல ஃப்ரீஹப்புகளில் கவ்வும் வேலையைச் செய்யும் சிறு கொக்கிகள் டிடி ஸ்விஸ் 350க்குள் கிடையாது. ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டு பல் வளையங்கள், பின்னால் ஸ்பிரிங்குகள். மிதித்ததும் எல்லாப் பற்களும் ஒரே நேரத்தில் கவ்வுகின்றன. 36 பல் வளையம் என்றால் 36 பற்களும் சேர்ந்து சுமையைப் பகிர்ந்துகொள்ளும். மேட்டில் மூட்டை முடிச்சோடு எழுந்து நின்று மிதிக்கும்போது இந்தப் பகிர்வுதான் ஹப்பைக் காப்பாற்றுகிறது. 10 டிகிரிக்கு ஒருமுறைதான் கவ்வும். தூரப் பயணத்தில் அது ஒரு குறையாகவே தெரியாது.

இதை எனக்கு மிகவும் பிடிக்க வைப்பது வேறொன்று. சக்கரத்தைக் கழற்றி, கேசட்டை இறுகப் பிடித்து இழுத்தால் ஃப்ரீஹப்போடு சேர்ந்து கையோடு வந்துவிடும். வளையங்களைத் துடைத்து, கிரீஸ் தடவி, திரும்பச் செருகினால் வேலை முடிந்தது. கேசட் பக்கத்து ஸ்போக் அறுந்தாலும் இதே வழிதான். கேசட் கழற்றும் கருவியைச் சுமக்க வேண்டாம். பின் சக்கரத்தில் அந்தப் பக்க ஸ்போக்குகள்தான் அதிக இழுவிசையில் இருப்பவை என்பதால் இதை நான் சின்ன வசதி என்று ஒதுக்க மாட்டேன்.

இரண்டு எச்சரிக்கை உண்டு. கெட்டியான கிரீஸை அள்ளிப் பூசினால் வளையங்கள் ஒட்டிக்கொண்டு, கவ்வ வேண்டிய நேரத்தில் நழுவும்; குளிரில் இது இன்னும் மோசம். அந்த நிறுவனமே விற்கும் கிரீஸை மெல்லிய பூச்சாகத் தடவினால் போதும். அப்புறம், கேசட் பக்கத்து ஹப் பேரிங்கை மாற்ற உள்ளே இருக்கும் மரை வளையத்தைக் கழற்ற வேண்டும். அதற்குத் தனிக் கருவி தேவை, ஆகவே கிளம்பும் முன்பே அதைப் பார்த்துவிடுங்கள்.

ஹோப் ப்ரோ 5, இங்கிலாந்தின் பார்னோல்ட்ஸ்விக்கில் தயாராவது. 6 கொக்கிகள், ஒரு சுற்றில் 108 கவ்வுமுனைகள். கொக்கி, ஸ்பிரிங், பேரிங் என ஒவ்வொன்றும் தனித்தனியாக வாங்கக் கிடைக்கும். வீட்டில் வைத்துப் பராமரிக்க அருமையான ஹப். இதிலும் ஃப்ரீஹப் கையாலேயே வரும். ஆனால் மணலில் உட்கார்ந்து திறக்கும்போது ஒரு குட்டி ஸ்பிரிங் தெறித்துப் போனால் தேடுவது யார்?

எதை எடுத்தாலும் 32 துளை, தலை வளைந்த ஸ்போக் என்று கேளுங்கள். நேர்த்தலை ஸ்போக் எல்லாக் கடையிலும் இருக்காது. அலுமினிய ஃப்ரீஹப் என்றால் தனித்தனிப் பல்சக்கரங்கள் அதன் விளிம்பைக் கடித்துத் தழும்பாக்கும். எஃகு கிடைத்தால் அதையே வாங்குங்கள், இல்லையேல் பெரிய பல்சக்கரங்கள் ஒன்றாக இணைந்த கேசட்டைப் போடுங்கள்.

ஹப்புக்கான இடைவெளி 135 மி.மீ. உள்ள பழைய குயிக் ரிலீஸ் ஃபிரேம், கையில் காசும் குறைவு என்றால் எக்ஸ்டி போதும், கிரீஸை மட்டும் மறக்காதீர்கள். 142 அல்லது 148 மி.மீ. த்ரூ ஆக்சில் (ஃபிரேமின் ஊடாகச் செருகும் தடித்த அச்சு) என்றால் என் ஓட்டு 350க்குத்தான். பையில் ஒரு ஜோடி வளையம், இரண்டு ஸ்பிரிங், சின்ன டப்பாவில் அந்த கிரீஸ் இருக்கட்டும்.