முதல் வறட்சியைச் சந்திக்கும் டுரியான் கன்றுக்கு எந்த ஹார்மோன் பொருந்தும்?

மலேசியாவின் பினாங்குத் தீவிலுள்ள பாலிக் புலாவ் சரிவுகளில் அக்டோபர் மழையை நம்பி நடப்படும் டுரியான் ஒட்டுக்கன்றுகளுக்கு, ஜனவரியும் பிப்ரவரியும்தான் முதல் சோதனை. டுரியான் வேரில் வேர்த்தூவிகள் கிடையா; நீரை உறிஞ்சும் மெல்லிய வேர்களும் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே படர்ந்திருக்கும். ஆகவே மேல்மண் காய்ந்த சில நாட்களிலேயே இலைகள் நண்பகலில் செங்குத்தாகத் தொங்கத் தொடங்கிவிடுகின்றன. அந்த நிலையில் கன்றைக் காக்கத் தெளிக்கப்படும் பொருள்களுள் நான்கினை இங்கே எடைபோடலாம்.

முதலாவது அப்சிசிக் அமிலம். 1960களில் கண்டறியப்பட்ட இது, மண் காயும்போது செடி தானே உண்டாக்கிக்கொள்ளும் எச்சரிக்கைப் பொருள்; இதை உணரும் ஏற்பிப் புரதங்கள் 2009இல்தான் அடையாளம் காணப்பட்டன. ஏற்பியில் இது பிணைந்ததும், இலைத்துளையின் இருபுறமும் உள்ள காப்புச் செல்களிலிருந்து பொட்டாசியமும் எதிர்மின் அயனிகளும் வெளியேறுகின்றன. அவற்றைத் தொடர்ந்து நீரும் வெளியேற, செல்கள் தொய்ந்து துளை மூடிக்கொள்கிறது. வேகத்தில் மற்ற மூன்றும் இதற்கு ஈடாகா. ஆனால் துளை மூடினால் கரியமில வாயுவும் உள்ளே வராது. நீராவிப்போக்கு குறைவதால் இலையின் சூடும் ஏறும். போதாக்குறைக்கு, புற ஊதா ஒளி இதைச் சிதைக்கிறது, செடியும் தன் நொதிகளால் இதை அழித்துவிடுகிறது. எனவே பாலிபேக் எனும் நாற்றுப் பிளாஸ்டிக் பையிலிருந்து கன்றைக் குழிக்கு மாற்றும் நாளுக்கு இது பொருந்தும். இரண்டு மாத வறட்சிக்கு இதை மட்டும் நம்ப முடியாது.

இதற்கு நேரெதிர் பாக்லோபியூட்ரசால். மா, டுரியான் தோட்டக்காரர்கள் பருவம் தவறிப் பூக்க வைப்பதற்காக அறிந்த பொருள் இது. தன்னளவில் ஹார்மோன் அன்று; தண்டை நீளச் செய்யும் ஜிப்பரெல்லின் உருவாகாமல் தடுப்பதே இதன் வேலை. அப்சிசிக் அமிலத்தை அழிக்கும் நொதியையும் இது தடுப்பதால், செடியின் சொந்த எச்சரிக்கைப் பொருள் உள்ளேயே தங்குகிறது. இலை சிறுத்துத் தடிக்கிறது, தண்டோடு ஒப்பிடுகையில் வேரின் பங்கு கூடுகிறது. கேட்பதற்குக் கச்சிதமான தீர்வாகத் தோன்றினாலும், கன்றுக்கு இதைக் கொடுப்பதை நான் ஏற்கவில்லை. தண்டும் கிளையும் கட்டமைய வேண்டிய வயதில் கணுவிடைகள் குறுகி மரம் குட்டையாக நின்றுவிடும். மண்ணில் ஊற்றிய மருந்தோ மாதக்கணக்கில் தங்கியிருக்கும், திரும்ப எடுக்க வழியில்லை.

செடியே உண்டாக்கும் ஹார்மோன்களான சாலிசிலிக் அமிலமும் பிராசினோஸ்டீராய்டும் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்பவை. வறட்சியில் இலைக்குள் பெருகும் தீங்கான ஆக்சிஜன் மூலக்கூறுகளைச் சமாளிக்கும் நொதிகளைத் தூண்டுவதே இவற்றின் பலம். 1979இல் கடுகுக் குடும்பச் செடியொன்றின் மகரந்தத்திலிருந்து பிரித்தறியப்பட்ட பிராசினோலைடு என்ற பிராசினோஸ்டீராய்டின் வகைகள் மிகமிக நுண்ணிய அளவிலேயே வேலை செய்யும், ஒளிச்சேர்க்கையும் அதிகம் தளராது. விலைதான் சிறு தோட்டக்காரரைத் தள்ளி நிற்க வைக்கிறது. சாலிசிலிக் அமிலம் மலிவு. லிட்டருக்கு ஏறத்தாழ 70 மில்லிகிராம், அதாவது அரை மில்லிமோலார், ஆய்வுகளில் வழக்கமாகக் காணப்படும் அளவு. நீரில் எளிதில் கரையாது என்பதால் முதலில் சிறிது எத்தனாலில் கரைத்துக்கொள்ள வேண்டும். அளவு மிஞ்சினால் இதுவே நஞ்சு: ஒருமுறை கண்ணளவாகக் கலந்து தெளித்தேன், மூன்றாம் நாள் இலை விளிம்புகள் தேநீர் நிறத்தில் கருகியிருந்தன. அதன்பின் தராசு இல்லாமல் கலப்பதில்லை.

என் தேர்வு இதுதான்: நடும் நாளில் அப்சிசிக் அமிலம், வறட்சி தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பு சாலிசிலிக் அமிலம், பாக்லோபியூட்ரசால் காய்க்கும் வயது மரத்துக்கு மட்டும். எதைத் தெளித்தாலும் டுரியான் இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். செம்பு நிறச் செதில்கள் அப்பிய அடிப்புறத்தில்தான் இலைத்துளைகள் உள்ளன. மேலிருந்து தெளிக்கும் நீர் வழவழப்பான மேற்பரப்பில் திரண்டு உருண்டு தரையில் விழுந்துவிடும். ஆகவே வெயில் தாழ்ந்த பின், தெளிப்பான் முனையை மேல்நோக்கித் திருப்பி அடிப்புறம் நனையுமாறு தெளிக்க வேண்டும். அதற்கு முந்திய நாளே வேரடியில் காய்ந்த புல்லை மூடாக்காகப் பரப்பி நீர் ஊற்றியிருக்க வேண்டும், ஏனெனில் இந்த நான்கில் எதுவும் மண்ணுக்கு ஒரு சொட்டு நீரைக்கூடக் கொண்டுவருவதில்லை.