எல்டன் ரிங்: ஆயுதத்தை மாற்ற அனுமதிக்கும் மேம்பாட்டு முறை

ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனத்தின் காணொளி விளையாட்டான டார்க் சோல்ஸ் 2011இல் வந்தது. அதே நிறுவனத்தின் எல்டன் ரிங் 2022இல் வந்தது. சிங்கப்பூரில் தேசிய சேவையாற்றும் இளையர் பலருக்கு விளையாட வார இறுதி மட்டுமே கிடைக்கிறது. அவர்களில் ஒருவர் எதை வாங்கலாம் என்று கேட்டால், ஆயுத மேம்பாட்டு முறை ஒன்றை வைத்தே எல்டன் ரிங்கைப் பரிந்துரைப்பேன்.

டார்க் சோல்ஸில் ஒரு வாளை ஃபயர் (தீ) அல்லது லைட்னிங் (மின்னல்) மேம்பாட்டுப் பாதையில் செலுத்திவிட்டால், அதன் ஸ்கேலிங், அதாவது ஆட்டக்காரரின் திறன் புள்ளிகளுக்கேற்பத் தாக்குதல் உயரும் தன்மை, முற்றிலும் நீங்கிவிடும். பிறகு ஸ்ட்ரென்த் (உடல் வலிமை) புள்ளிகளை எவ்வளவு கூட்டினாலும் அந்த வாளின் தாக்குதல் உயராது. தொடக்கத்தில் பேருதவியாக இருக்கும் அந்தப் பாதை, இறுதிக் கட்டத்தில் ஆட்டக்காரரைக் கட்டிப்போடுகிறது. எல்டன் ரிங்கிலோ ஆயுதத்துக்கு ஏற்றும் இத்தகைய தன்மைக்கு அஃபினிட்டி என்று பெயர்; ஃபயர் அஃபினிட்டி ஸ்ட்ரென்த்தோடும் லைட்னிங் டெக்ஸ்டெரிட்டியோடும் (லாவகம்) சேர்ந்து வளர்கின்றன. உரிய வெட்பிளேடும் (அஃபினிட்டிகளைத் திறக்கும் பொருள்) ஆஷ் ஆஃப் வாரும் (ஆயுதத்தில் பொருத்தும் சிறப்புத் திறன்) கையில் இருந்தால், கிரேஸ் எனும் ஓய்விடத்தில் அமர்ந்து செலவின்றி அஃபினிட்டியை மாற்றிக்கொள்ளலாம்.

ஆனால் ஆயுதத்தைப் படிப்படியாக மேம்படுத்தத் தேவைப்படும் கற்களின் கணக்கு கடுமையானது. சாதாரண ஆயுதத்தை உச்சப் படியான +25 வரை உயர்த்த எட்டு வகை ஸ்மிதிங் ஸ்டோன்களில் வகைக்கு 12 வீதம் 96 கற்களும், கடைசிப் படிக்கு ஏன்ஷியன்ட் டிராகன் கல் ஒன்றும் வேண்டும். சோம்பர் எனும் வேறு வகைக் கற்களால் உயரும் சிறப்பு ஆயுதமோ பத்தே கற்களில் தன் உச்சமான +10ஐ எட்டிவிடுகிறது; அதற்கு ஈடாக அஃபினிட்டியை மாற்றும் உரிமை போய்விடுகிறது. லியர்னியா பகுதியில் உள்ள ராயா லுகாரியா கிரிஸ்டல் டனல் சுரங்கத்தில் கிடைக்கும் பெல் பேரிங் எனும் பொருளை, ஆட்டக்காரரின் தளமான ரவுண்டேபிள் ஹோல்டில் உள்ள கடையில் ஒப்படைத்தால், முதல் இரண்டு வகை ஸ்மிதிங் ஸ்டோன்களை ரூன் (விளையாட்டின் நாணயம்) கொடுத்து வேண்டிய அளவு வாங்கலாம். புதிய ஆயுதத்தைச் சோதித்துப் பார்க்கும் துணிவு அதற்குப் பிறகுதான் வரும்.

ஸ்கேலிங்கின் அளவைக் காட்டும் எழுத்துகளைப் பற்றி விளையாட்டு போதிய விளக்கம் தராதது உண்மையான குறை. ஒவ்வோர் எழுத்தும் ஒரு வரம்பையே குறிப்பதால், ‘பி’ பெற்ற இரண்டு வாள்கள் சமமாக இருக்க வேண்டியதில்லை. ஸ்கேலிங் என்பது ஆயுதத்தின் அடிப்படைத் தாக்குதலோடு பெருக்கப்படும் விகிதம் என்பதால், ஆயுதத்தை உயர்த்தாமல் ஸ்ட்ரென்த்தை மட்டும் கூட்டுவது வீண். முதலில் கற்களைத் தேடுங்கள். ஆயுதத்தை இரு கைகளாலும் பிடித்தால் ஸ்ட்ரென்த் ஒன்றரை மடங்காகக் கணக்கிடப்படுகிறது. ஆகவே 54 இருந்தாலே 81 ஆகிவிடும். 80ஐத் தாண்டிய பிறகு பலன் வெகுவாகக் குறைவதால், பெருவாள் ஏந்துபவர் மீதிப் புள்ளிகளை உயிர்நிலையைக் கூட்டும் விகரில் போடுவதே நல்லது.