ட்ரையோ ரிசீவர்: ஜப்பான் உள்நாட்டுப் பெட்டியா, ஏற்றுமதிப் பெட்டியா?

1986இல் கென்வுட் எனப் பெயர் மாறிய ட்ரையோ நிறுவனத்தின் பழைய ஸ்டீரியோ ரிசீவரை, அதாவது வானொலியும் ஆம்ப்ளிஃபையரும் ஒன்றாக அமைந்த பெட்டியை, திருகோணமலையில் வாங்க நினைப்பவர், முதலில் அதன் பின்பலகையைப் படிக்க வேண்டும். 100 வோல்ட் என்று மட்டும் இருந்தால் அது ஜப்பான் உள்நாட்டுப் பெட்டி. நமது 230 வோல்ட்டுக்கு மின்மாற்றி வைத்துச் சமாளிக்கலாம், ஆனால் அதன் எஃப்எம் அளவுகோல் பெரும்பாலும் 76இலிருந்து 90 மெகாஹெர்ட்ஸ் வரையே ஓடுவதால், 108 வரை பரந்திருக்கும் நமது நிலையங்களில் பல அதில் அகப்படமாட்டா. 220 அல்லது 240 வோல்ட் குறித்த ஏற்றுமதிப் பெட்டிக்கு இந்த இடர் இல்லை. கூடுதல் விலை கொடுத்தேனும் நான் அதையே எடுப்பேன். இசைத்தட்டு மட்டும் கேட்பவருக்கு உள்நாட்டுப் பெட்டியே போதும்.

திருத்தும் வேலை இரண்டிலும் ஒன்றுதான்: கடற்காற்றின் உப்பில் கறுத்த சுவிட்சுகளைத் துப்புரவாக்கி, வற்றிய கப்பாசிட்டர்களை (மின்தேக்கிகளை) அதே கொள்ளளவும் குறையாத வோல்ட் அளவும் உடையவற்றால் மாற்றி, முதன்முறை மின்சாரம் கொடுக்கும்போது பழுது இருந்தால் மிகை மின்னோட்டம் பாயாதிருக்க 60 வாட் இழை மின்குமிழ் ஒன்றை மின்வழியில் தொடராக இணைத்துக்கொள்ள வேண்டும்.