பழைய இன்ஜினைத் திறந்தே பார்க்காமல் "வேற இன்ஜின் வச்சிடலாம்" என்றால் வண்டியை விடாதீர்கள்

என் கார் ஓவர்ஹீட் ஆகி நின்றுவிட்டது. ஸ்டார்ட் செய்தால் வெள்ளைப் புகை, ஆயிலோ பால் கலந்த மாதிரி. பட்டறைக்காரர் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்ததோடு சரி. "இன்ஜின் போச்சு சார். வேலை பார்த்தா நாளும் இழுக்கும், செலவும் இழுக்கும். நல்ல செகண்ட் ஹேண்ட் இன்ஜின் இருக்கு, கம்மியாத்தான் ஓடியிருக்கு, தூக்கி வச்சிடலாம்" என்றார். இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றவில்லை, சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று பார்க்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்கவில்லை. கேட்டதற்கு, "நாங்க பார்க்காத இன்ஜினா" என்று பதில்.

இந்த அறிகுறிகளுக்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது ஹெட்டுக்கும் சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள சீலை, அதாவது ஹெட் கேஸ்கட்டை. சூட்டில் ஹெட் வளைந்திருந்தாலும், அளவுக்குள் இருந்தால் லேத் பட்டறையில் சீவி, புதுக் கேஸ்கட் போட்டு மூடிவிடலாம். போரும் (சிலிண்டரின் உள்சுவர்) பிஸ்டனும் கெட்டிருந்தால்தான் முழு இன்ஜின் வேலை: ரீபோர் அடித்து (போரைச் சற்றுப் பெரிதாகக் கடைந்து) 0.25 அல்லது 0.50 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவது, கிராங்கை கிரைண்ட் செய்வது, பேரிங் மாற்றுவது. பிளாக்கிலேயே விரிசல் விட்டிருந்தால் வேறு இன்ஜின் என்ற பேச்சு நியாயம். எது என்று திறந்து அளக்காமல் எப்படிச் சொன்னார்?

அவர் பேச்சை நம்பிச் சம்மதித்தேன். வைத்த நாளிலிருந்தே புது வரவு நீலப் புகை விட்டது, ஆயில் எரிகிறது என்று அர்த்தம். "ரொம்ப நாள் சும்மா கிடந்த இன்ஜின், ஓட ஓட சரியாயிடும்" என்றார்கள். கம்மியாக ஓடியது என்பதற்கு ஆதாரம் கேட்டால் அவர் வாய்ச்சொல்தான். கிலோமீட்டர் காட்டும் மீட்டர் டேஷ்போர்டில் இருக்கிறது, கழற்றி விற்கும் இன்ஜினோடு அது வராது!

இதைவிட மோசம், முதல் இன்ஜின் ஏன் சூடானது என்று யாரும் தேடவில்லை. அதே அடைத்த ரேடியேட்டரையும் கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் அதே தெர்மோஸ்டாட்டையும் மாட்டி அனுப்பியிருக்கிறார்கள். கொஞ்ச நாளில் டெம்பரேச்சர் முள் மறுபடி சிவப்புக்குப் போனது. வாரண்டி கேட்கப் போனபோது இன்ஜினில் ஒட்டியிருந்த ஒரு சின்ன வில்லையைக் காட்டினார்கள். அதன் நடுப்பகுதி ஏறக்குறைய 120 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருகிவிடும். உருகியிருந்தால் வாரண்டி கிடையாதாம். அப்படியே கிடைத்திருந்தாலும் இன்ஜினுக்கு மட்டும்தான், இறக்கி ஏற்றும் கூலி நம் தலையில். பில்லின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது.

சரி, என் பழைய இன்ஜினையாவது கொடுங்கள், வேறு இடத்தில் வேலை பார்த்துக்கொள்கிறேன் என்றேன். காயலான் கடைக்குப் போய்விட்டதாம். என் பொருளை என்னைக் கேட்காமல் விற்றிருக்கிறார்கள், அந்தப் பணம் பில்லில் கழிக்கப்படவும் இல்லை. மாற்றிய இன்ஜின் நன்றாக ஓடும்வரை பழையதை விடமாட்டேன் என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். வாங்கப்போகும் இன்ஜினுக்குக் கண்ணெதிரே கம்ப்ரஷன் எடுக்கச் சொல்லுங்கள். தரையில் கிடந்தாலும் ஸ்டார்ட்டர் மாட்டிச் சுற்றிப் பார்க்கலாம். சிலிண்டர்களுக்குள் பெரிய வித்தியாசம் இருக்கக் கூடாது. இன்ஜின் வெளியே இருக்கும்போதே டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், பின்பக்க ஆயில் சீல் மாற்றிவிடுங்கள்.

இன்ஜின் வேலை செய்பவர்களிடமும் வித்தை உண்டு. பிஸ்டன் ரிங் மட்டும் போட்டுவிட்டு முழு வேலைக்குப் பில் போடுவார்கள். போர் அளவை எழுதித் தரச் சொல்லுங்கள், கழற்றிய பிஸ்டன்களைக் கையில் வாங்குங்கள்.

வேறொரு மெக்கானிக் இப்போது அந்த செகண்ட் ஹேண்ட் இன்ஜினைத் திறந்து வைத்திருக்கிறார். ஒரு சிலிண்டரில் கம்ப்ரஷன் மிகக் குறைவு. உள்ளே கொஞ்சம் ஆயில் விட்டதும் ஏறியது, அதாவது ரிங் பக்கம்தான் கோளாறு. போரில் துருத் தழும்பு வேறு. ரீபோர் அடித்தே ஆக வேண்டும் என்கிறார்.