தேதி போட்ட திட்டமா, வரிசை மட்டும் போதுமா, ஆறு வாரச் சுற்றா?

வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் குடும்பங்களில் கோடை விடுமுறை பிள்ளைகளுக்கு முழு விடுமுறை, பெற்றோருக்கு அரை விடுமுறை. வரப்போகும் ஆண்டுக்கான புத்தகங்கள் மேசைமேல் அடுக்கியிருக்க, அவற்றை எந்த வேகத்தில், எந்த ஒழுங்கில் நடத்துவது என்று முடிவு செய்யும் வேலை இந்த வாரங்களில்தான் வந்து சேர்கிறது. எந்தப் பாடநூலை வாங்கலாம் என்று பல நாள் யோசிக்கும் நாம், வாங்கியதை ஆண்டு முழுவதற்கும் பிரித்துவைக்கும் முறையைப் பற்றி அந்த அளவு யோசிப்பதில்லை. ஹோம்ஸ்கூலிங் தொடங்கியதிலிருந்து மூன்று முறைகளை ஒவ்வொன்றும் ஒரு முழு ஆண்டாவது நடத்திப் பார்த்திருக்கிறேன். அவற்றை அருகருகே வைத்து அலசுவதே இந்தக் கட்டுரை.

மூன்றுக்கும் பொதுவான கணக்கு ஒன்று உண்டு. வீட்டுவழிக் கல்விக்கென வெளிவரும் பாடநூல்களில் பல, வாரம் 5 நாள் வீதம் 36 வாரம், அதாவது 180 பாட நாள் என்ற அளவை மனத்தில் வைத்து எழுதப்படுபவை. ஆனால் 180 நாள் என்று அட்டையில் இருந்தாலும், தேர்வுகளையும் மீள்பார்வைப் பக்கங்களையும் கழித்தால் உள்ளே 140 பாடங்களே இருக்கலாம். அந்த 140 பாடங்களை வாரத்துக்கு 5 வீதம் நடத்தினால் 28 வாரங்களில் முடிந்துவிடும். 4 வீதம் நடத்தினால் 35 வாரம் ஆகும். எனவே எந்த முறையைத் தேர்ந்தாலும், முதல் மாலைப்பொழுதில் செய்ய வேண்டியது ஒவ்வொரு புத்தகத்தின் உள்ளடக்கத்தையும் திறந்து பாடங்களை எண்ணிக் குறித்துக்கொள்வதுதான்.

முதல் முறை, ஆண்டு முழுவதற்கும் தேதி போட்டுவிடுவது. எந்த நாளில் எந்தப் பாடத்தின் எந்தப் பக்கம் என்பது கோடையிலேயே அட்டவணையில் ஏறிவிடும். இதன் நன்மைகள் உண்மையானவை. நூலகத்திலிருந்து எடுக்க வேண்டிய புத்தகத்தையும் சோதனைக்கு வேண்டிய பொருளையும் பல வாரங்களுக்கு முன்பே தயார்செய்துகொள்ளலாம். பாட நாள்களின் பதிவேட்டைச் சட்டம் கேட்கும் இடங்களில் வசிப்பவர்களுக்குப் பாதி ஆவணம் அப்போதே உருவாகிவிடுகிறது. வெளித்தேர்வு எழுதப்போகும் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தெரியவில்லை.

இதன் குறை, தயாரிப்பவரின் மனத்திலேயே இருக்கிறது. ஒரு வேலைக்கு ஆகும் காலத்தைக் கணிக்கும்போது, இதற்கு முன் அத்தகைய வேலைகள் எவ்வளவு இழுத்தன என்பதை மறந்து, எல்லாம் தடையின்றி நடந்தால் ஆகும் காலத்தையே மனிதர்கள் கணக்கில் கொள்கிறார்கள். உளவியலாளர்களான டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் இதைத் திட்டமிடல் பிழை என்று விளக்கினார்கள். கோடையின் ஓய்வான மாலையில் அட்டவணை போடுபவருக்குக் காய்ச்சலோ, திடீர்ப் பயணமோ, பின்னக் கணக்கில் பிள்ளை ஒரு வாரம் மாட்டிக்கொள்வதோ நினைவுக்கு வராது. எங்கள் முதல் ஆண்டின் ஏழாவது வாரத்தில் வீட்டில் எல்லோரும் அடுத்தடுத்துப் படுத்துவிட, 12 பாட நாள்கள் போயின. நாளுக்கு நான்கு பாடப்பிரிவுகள் என்றால் அட்டவணையில் 48 கட்டங்கள் இடம்பெயர வேண்டும். கணினி விரிதாளில் வைத்திருந்தால் இந்தத் திருத்தம் சில நிமிட வேலை என்பது சரிதான். ஆனால் தேதி அச்சிட்ட தாளைப் பார்த்துப் பழகிய பிள்ளைக்குத் தான் பின்தங்கிவிட்டோம் என்ற எண்ணம் வந்துவிட்டது, எனக்கும் வந்தது. ஒவ்வொரு பிரிவிலும் ஒரு நாளைக்கு இரண்டு பாடம் என்று ஓட்டி ஒரு மாதத்தில் தேதியைப் பிடித்தோம். அப்படிப் பிடித்த மாதத்தில் படித்த பின்னக் கணக்கை மறு ஆண்டு மீண்டும் தொடக்கத்திலிருந்து சொல்லிக்கொடுக்க நேர்ந்தது.

அந்தச் சலிப்பில் இரண்டாவது முறைக்குத் தாவினேன். இதில் தேதியே கிடையாது. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு வரிசைப் பட்டியல். அன்றன்று அதில் அடுத்து நிற்பதை நடத்திவிட்டுக் கோடு போட வேண்டியது. கோடையில் இரண்டு பிற்பகல்களில் வேலை முடிந்துவிடும். நோய் வந்தாலும் விருந்தினர் வந்தாலும் திட்டம் உடைவதில்லை, ஏனென்றால் உடைவதற்கு அதில் எதுவும் இல்லை. படிப்படியாக ஏறும் கணக்கு, வாசிப்பு, எழுத்துப் பயிற்சி ஆகியவற்றுக்கு இது மிக நன்றாகப் பொருந்துகிறது. எட்டு வயதுக்குட்பட்ட ஒரே பிள்ளை உள்ள வீட்டுக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை என்றே சொல்வேன்.

ஆனால் வேகம் சரியா என்று சொல்ல இந்த முறையில் ஆளில்லை. பிடித்த பாடம் முன்னால் ஓடும், முன்தயாரிப்பு கேட்கும் பாடம் தயங்கி நிற்கும். எங்கள் வரலாற்றுப் புத்தகம் ஆண்டு முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே தீர்ந்துவிட்டது. அறிவியல், 30 பாடங்களில் 11-ஐத் தாண்டவில்லை. காரணம் சோம்பல் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு சோதனைக்கும் ஏதோ ஒரு பொருள் கையில் இல்லாமல் இருந்தது, தேதி இல்லாததால் அதை வாங்கும் அவசரமும் இல்லை.

மூன்றாவது முறை, ஆண்டை ஆறு வாரச் சுற்றுகளாக வெட்டுவது. ஆறு வாரம் பாடம், ஏழாவது வாரம் இடைவேளை. ஆறு சுற்றுகளுக்கு 36 வாரம், அவற்றுக்கிடையே 5 இடைவேளை வாரம், எஞ்சிய 11 வாரம் நீண்ட விடுமுறை; ஆக 52. கோடையில் செய்ய வேண்டியது, ஒவ்வொரு புத்தகத்தையும் ஆறு பங்காகப் பிரித்து, முதல் பங்குக்கு மட்டும் தேதி போடுவது. மற்ற ஐந்து பங்குகளும் பாட எண்களாகவே காத்திருக்கும். முன்பு சொன்ன 140 பாடங்கள் கொண்ட புத்தகத்தை எடுத்துக்கொண்டால், வாரத்துக்கு 4 பாடம் வீதம் ஒரு சுற்றில் 24, ஆறு சுற்றில் 144 பாடங்களுக்கு இடம் இருக்கிறது. ஐந்தாவது நாள் வாரந்தோறும் காலியாக நிற்கிறது. விட்டதைப் பிடிக்கவும், புரியாததை மறுபடி பார்க்கவும் அந்த நாள் போதுமானதாக இருக்கிறது. அதிலும் அடங்காதது இடைவேளை வாரத்தில் அடுத்த சுற்றுக்கு நகர்த்தப்படுகிறது. 12 நாள் காய்ச்சல் இந்த அமைப்பிலும் வரத்தான் செய்யும். ஆனால் அது ஒரு சுற்றைக் கலைக்கும், ஆண்டைக் கலைக்காது.

இதற்கும் விலை உண்டு. கோடையில் நான்கைந்து நாள்களும், ஒவ்வோர் இடைவேளையிலும் அரை நாளும் திட்டமிடலுக்குப் போகின்றன. அந்த அரை நாளைத் தவறவிட்டவர் அடுத்த சுற்றை வெறுங்கையோடு தொடங்குவார். மேலும், ஏழாவது வாரம் பள்ளி செல்லும் நண்பர்களின் விடுமுறையோடோ, வேலைக்குப் போகும் பெற்றோரின் விடுப்போடோ பெரும்பாலும் ஒத்துவராது. சில சுற்றுகளை ஐந்து வாரமாகவும் சிலவற்றை ஏழு வாரமாகவும் வளைத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் குறைகிறது.

விடுமுறையில் ஏற்படும் மறதியையும் இந்த ஒப்பீட்டில் சேர்க்க வேண்டும். கல்வி ஆய்வாளர் ஹாரிஸ் கூப்பரும் அவருடைய குழுவினரும் 1996-இல் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்து, கோடை விடுமுறையில் பிள்ளைகள் சராசரியாக ஒரு மாத அளவு படிப்பை இழக்கிறார்கள் என்றும், வாசிப்பைவிடக் கணக்கிலேயே இழப்பு அதிகம் என்றும் கண்டனர். பின்வந்த ஆய்வுகள் சில, அந்த இழப்பின் அளவைக் கேள்விக்கு உட்படுத்தியிருக்கின்றன. எப்படியானாலும், பெருக்கல் வாய்ப்பாடு மங்கிப்போயிருப்பதை முதல் வாரத்தில் காணாத வீடு குறைவு. தேதி போட்ட திட்டத்தில் முதல் நாளே முதல் பாடம் என்று இறங்கிவிடும் ஆசை வலுவாக இருக்கும். சுற்று முறையில் முதல் சுற்றின் இரண்டு வாரத்தை மீள்பார்வைக்கு ஒதுக்குவது எளிது, ஏனெனில் அதனால் தள்ளிப்போகும் பாடங்களுக்கு வெகு தூரத்தில் உள்ள தேதிகள் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

ஒரே முறையை எல்லாப் பாடத்துக்கும் பொருத்த வேண்டும் என்ற கட்டாயம் ஏதுமில்லை என்பது எனக்குத் தாமதமாகத்தான் விளங்கியது. இந்தக் கோடையில் இளையவளின் கணக்கும் வாசிப்பும் வரிசைப் பட்டியலில் இருக்கின்றன. இருவருக்கும் பொதுவான அறிவியலும் வரலாறும் ஆறு வாரச் சுற்றில் அமைந்திருக்கின்றன. ஒரு சுற்றுக்கான சோதனைப் பொருள்கள் அனைத்தும் அச்சுற்றின் முதல் நாளுக்கு முன் ஒரே பெட்டிக்குள் வந்துவிட வேண்டும் என்பது விதி. மூத்தவன் எழுதவிருக்கும் தேர்வுப் பாடத்துக்கு மட்டும் தேதிகள் உண்டு. அவற்றையும் தேர்வு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிப் போட்டிருக்கிறேன், கடைசி நான்கு வாரத்தில் புதிய பாடம் எதுவும் இல்லாமல்.