பத்துக்குப் பத்து அறைக்கு எது, ஹாலுக்கு எது: ஸ்பீக்கர் ஒப்பீடு

ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது, "பேஸ் (தாழ்ந்த சுரங்களின் ஒலி) எப்படி இருக்கும்?" என்றுதான். அறை எத்தனை அடி என்று அவரும் சொல்வதில்லை, கடைக்காரரும் கேட்பதில்லை. அந்த பேஸில் பாதியை உருவாக்குவதே அறைதான்.

ஒலி விநாடிக்குச் சுமார் 1,130 அடி ஓடுகிறது. 10 அடி இடைவெளியில் நிற்கும் இரண்டு சுவர்களுக்கு நடுவே விநாடிக்கு 56 முறை அதிரும், அதாவது 56 ஹெர்ட்ஸ் அலையின் சரிபாதி அச்சாகப் பொருந்திவிடும். அந்தச் சுரம் மட்டும் அடங்காமல் முழங்கும். நம் அடுக்குமாடிப் படுக்கையறைகள் பலவற்றில் நீளம் 10, அகலம் 10, கூரையும் ஏறக்குறைய 10. மூன்று திசைகளும் ஒரே 56 ஹெர்ட்ஸைத் தூக்கிப் பிடிக்கும். பேஸ் கிட்டாரின் ஏ தந்தியை அப்படியே மீட்டினால் வருவது 55 ஹெர்ட்ஸ். திரைப்பாட்டில் அந்தத் தந்தி அதிரும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி நடுங்குவதும், அடுத்த சுரத்தில் பேஸ் மாயமாவதும் இதனால்தான். ஸ்பீக்கரைத் திட்டிப் பயனில்லை.

போதாததற்கு நம் சுவர்கள் செங்கல்லும் சிமெண்ட்டும். அமெரிக்க ஸ்பீக்கர் விமர்சகர்கள் பலரின் வீடுகளில் மரச்சட்டத்தின் மேல் ஜிப்சம் பலகை அடித்த சுவர்கள். அவை கொஞ்சம் அதிர்ந்து பேஸின் ஒரு பகுதியை விழுங்கிவிடும். நம் சுவர் எதையும் விழுங்காது, வந்ததைத் திருப்பி அனுப்பும். அங்கே "பேஸ் சற்றுக் குறைவு" என்று எழுதப்பட்ட ஸ்பீக்கர், இங்கே சின்ன அறையில் அளவாக ஒலிப்பதில் வியப்பில்லை.

இனி ஆட்களைப் பார்ப்போம். சின்ன அறைக்கு இரண்டு பேர்: ஹார்பெத் பி3ஈஎஸ்ஆர், கெஃப் எல்எஸ்50 மெட்டா. இரண்டுமே 1970களில் பிபிசி தன் ஒலிபரப்பு வேன்களின் நெருக்கடியான இடத்துக்காக உருவாக்கிய எல்எஸ்3/5ஏ என்ற குட்டி ஸ்பீக்கரின் வழி வந்தவை. ஆகவே சின்ன இடம் இவற்றின் பிறவிக்குணம்.

ஹார்பெத் மூடிய பெட்டி, பேஸைக் கூட்டும் துளை பின்னால் கிடையாது. அதன் பேஸ் 75 ஹெர்ட்ஸ் அளவில் குறையத் தொடங்கினாலும் மெல்ல மெல்லத்தான் இறங்கும். அந்த இறக்கத்தைச் சுவர் தரும் கூடுதல் பேஸ் பெருமளவு ஈடுகட்டிவிடும். கெஃப்பின் கதை வேறு. அதன் விவரத்தாளில் 79 ஹெர்ட்ஸ் என்று ஓர் எண், 47 ஹெர்ட்ஸ் என்று இன்னோர் எண். இரண்டும் உண்மை. முதலாவது சத்தம் 3 டெசிபெல் குறையும் இடம், இரண்டாவது 6 டெசிபெல் குறையும் இடம். ஒரு கம்பெனியின் 3 டெசிபெல் எண்ணையும் இன்னொரு கம்பெனியின் 6 டெசிபெல் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து ஏமாறுகிறவர்கள் ஏராளம். கெஃப்பில் பின்பக்கத் துளை இருப்பதால் அதைச் சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாது. இடம் இல்லையென்றால் துளைக்குள் ஸ்பாஞ்ச் அடைப்பானைச் செருகலாம், சுருட்டிய காலுறையும் அந்த வேலையைச் செய்யும்.

கர்நாடக சங்கீதம் கேட்பவருக்கு என் ஓட்டு ஹார்பெத்துக்கு. ஒரு கட்டை சுருதியில் பாடுகிறவரின் தம்புராவில் மந்தர ஷட்ஜமே சுமார் 65 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே போக அங்கே அதிகம் வேலையில்லை. குரலின் இயல்பு கெடாமல் வருவதுதான் முக்கியம், அதில் ஹார்பெத் கெட்டிக்காரன். விலை கெஃப்பைவிடக் கணிசமாக அதிகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். திரையிசை, ராக், எலெக்ட்ரானிக் எல்லாம் கலந்து கேட்பவர் கெஃப்பை எடுக்கலாம்.

12க்கு 18 ஹால், அதுவும் சாப்பாட்டு அறையோடு சேர்ந்து திறந்திருக்கும் ஹால் என்றால் கணக்கே மாறுகிறது. பேஸ் ஓரிடத்தில் குவியாமல் பரவி ஓடிவிடும். இங்கே குட்டி ஸ்பீக்கரை வைத்து வால்யூமைத் திருகுவது கொட்டாங்குச்சியால் கிணறு இறைக்கிற வேலை. ஒரே சத்தத்தில் ஒரு ஸ்தாயி கீழே இறங்க நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். பேஸைத் தரும் கூம்பான வூஃபர் ஐந்து அங்குலம்தான் என்றால் எவ்வளவுதான் தள்ளும்?

இந்த இடத்தில் பெரும்பாலோர் கண்ணை மூடிக்கொண்டு தரையில் நிற்கும் உயரமான டவர் ஸ்பீக்கர் பக்கம் போகிறார்கள். உயரமாக இருந்தால் ஆழமான பேஸ் வரும் என்ற நம்பிக்கை. க்யூ அகூஸ்டிக்ஸ் 3050ஐ டவரில் ஆறரை அங்குல வூஃபர்கள் இரண்டு, 6 டெசிபெல் கணக்கில் அது இறங்குவது 44 ஹெர்ட்ஸ் வரை. ஸ்டாண்டில் வைக்கும் வார்ஃப்டேல் லிண்டன், எட்டு அங்குல வூஃபருடன் அதே கணக்கில் 35 ஹெர்ட்ஸ் வரை போகிறது. பேஸ் கிட்டாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ் என்பதை நினைவில் வைத்தால் இந்த வித்தியாசம் புரியும். லிண்டனின் உணர்திறன் (ஒரே அளவு மின்சாரத்துக்கு எழுப்பும் சத்தம்) 90 டெசிபெல், கெஃப்புக்கு 85. அதே சத்தத்துக்குக் கெஃப் ஏறக்குறைய மூன்று மடங்கு வாட் கேட்கும். ஆனால் லிண்டன் ஒன்றின் எடை 18 கிலோ, முன்பக்க அகலம் ஓர் அடி, பின்னால் துளைகள் இரண்டு. டிவி பக்கத்து மூலையில் திணித்தால் குழறும். சுவரிலிருந்து ஓரிரண்டு அடி தள்ளி வைக்க வீட்டில் சம்மதம் கிடைத்தால் ஹாலுக்கு அதுதான் என் தேர்வு. கிடைக்காவிட்டால் டவர்.

மூன்றாவது வழி, கெஃப்போடு ஒரு சப்வூஃபர், அதாவது பேஸுக்கென்றே ஒரு தனிப்பெட்டி. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை அதனிடம் ஒப்படைத்துவிடலாம். அந்தத் தாழ்ந்த ஒலி எங்கிருந்து வருகிறது என்று காது எளிதில் கண்டுபிடிக்காது. ஆகவே ஸ்பீக்கர் குரலுக்கு ஏற்ற இடத்தில், சப்வூஃபர் பேஸுக்கு ஏற்ற இடத்தில். அந்த இடத்தைக் கண்டுபிடிக்க, நீங்கள் உட்காரும் நாற்காலியில் சப்வூஃபரை ஏற்றி வைத்து, பேஸ் நிறைந்த பாட்டு ஒன்றை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போங்கள். எல்லாச் சுரமும் சமமாகக் கேட்கிற மூலைக்கு அதை மாற்றுங்கள். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், முறை என்னவோ சரியானது.

வாடகை வீட்டுக்காரருக்கு இந்த மூன்றாவது வழியைத்தான் சொல்வேன். அடுத்த வீடு பெரிதோ சிறிதோ, சப்வூஃபரின் குமிழைத் திருகிச் சமாளித்துக்கொள்ளலாம். கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டினால் அதை மட்டும் அணைத்துவிட்டுப் பாட்டைத் தொடரலாம், டவரில் அந்த வசதி கிடையாது.